மூன்று கோடு

ஊரடங்கு வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை தம்ளர் என்பது எனக்குத் தெரிந்தது. பதினேழு.

2020 மார்ச் 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, இன்று நள்ளிரவிலிருந்து 21 நாள் யாரும் வெளியே வரக்கூடாது என்றார். என் மனைவி டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சமையல் என் பாடு. பாத்திரம் உங்க பாடு." வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுக்க ஒரு சாக்கும் கையில் இல்லை.

முதல் வாரம் கை வெந்தது. எண்ணெய்ச் சட்டியை முதலில் தேய்த்துவிட்டு அதே நாரால் தம்ளரைத் தேய்க்கக்கூடாது என்பதெல்லாம் பட்டுத்தான் தெரிந்தது. இரண்டாவது வாரத்தில் பாத்திரங்கள் முகம் காட்டத் தொடங்கின. இந்தக் கிண்ணத்துக்கு விளிம்பு நெளிந்திருக்கும், அந்தக் கரண்டிக்குக் காம்பு ஆடும். தம்ளர்களில் எது கல்யாணச் சீரில் வந்தது, எது ஏதோ கிரகப்பிரவேசத்தில் தாம்பூலப் பையோடு வந்தது என்று கை சொல்லிவிடும். முப்பது வருடம் இந்தத் தம்ளர்களில்தான் குடித்திருக்கிறேன், ஒன்றையும் நின்று பார்த்ததில்லை.

நாலாவது வாரம் என்று நினைக்கிறேன். தொட்டியைத் துடைத்துவிட்டு ஜன்னல் விளிம்பையும் துடைக்கலாமே என்று கை வைத்தேன். கிரில்லுக்கும் கொசுவலைக்கும் நடுவில் ஒரு சாண் அகலத் திட்டு. பாதி தேய்ந்த கம்பி நார், காய்ந்த எலுமிச்சை மூடி, சுருட்டி வைத்த ஒரு ரப்பர் வளையம், கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் தம்ளர். தம்ளரின் முதுகில் தூசி, ஓரமாகப் பல்லி எச்சம். எடுத்தபோது அது இருந்த இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று இருந்தது.

பதினெட்டாவது தம்ளர். ஒரு மாதமாகத் தினம் மூன்று வேளை இந்த வீட்டின் பாத்திரம் அத்தனையும் என் கையால் கழுவப்பட்டிருக்கிறது. இது மட்டும் ஒரு நாளும் தொட்டிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. கழுவித் தூசி போக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் மூன்று கோடு. உளியால் வெட்டியது, பக்கத்தில் பக்கத்தில்.

அந்த மூன்று கோட்டை நான் ஐம்பது வருடத்துக்கு அப்பாலிருந்து அறிவேன்.

*

எங்கள் ஊர் சேரன்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில். கன்னடியன் கால் பாயும் வயல், காரும் பிசானமும் விளையும் பூமி. வீடு நீளமானது. தெருவில் தார்சா, அதைத் தாண்டிப் பட்டாசல், அப்புறம் அடுக்களை, கடைசியில் புறவாசல். கிணறும் துவைக்கிற கல்லும் தொழுவமும் அங்கேதான். தெருவாசல் வழியாக யார் வருவார்கள், புறவாசல் வழியாக யார் வருவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நாய்க்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

வயல் வேலைக்கு ஒரு பெரியவர் வருவார். என் தாத்தா வயது இருக்கும். அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போ என்றுதான் பேசுவேன். ஏழு வயதுப் பையனை அவர் 'சின்னய்யா' என்பார். வெயில் ஏறின பிறகு புறவாசல் முருங்கை மூட்டில் வந்து குந்துவார். "ஆச்சி, தண்ணி ஊத்துங்க தாயி."

ஆச்சி செம்போடு போவாள். அவர் எழுந்து கொஞ்சம் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வாயருகே ஏந்திக்கொள்வார். ஆச்சி ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவாள். தண்ணீர் கயிறு மாதிரி இறங்கும். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். போதும் என்பதற்குத் தலையை லேசாக ஆட்டுவார். வாயால் சொல்ல முடியாதல்லவா.

எனக்கு அது ஒரு விளையாட்டு. "நான் ஊத்துதேன் ஆச்சி, நான் ஊத்துதேன்" என்று செம்பைப் பிடுங்குவேன். பின்வாசல் படிமேல் ஏறி நின்றால்தான் உயரம் எட்டும். "தூக்கி ஊத்துல. செம்பு கையில தட்டிரப் போவுது" என்பாள் ஆச்சி. தூக்கினால் தண்ணீர் தெறிக்கும், இறக்கினால் ஆச்சி கத்துவாள். தெறிக்காமலும் தட்டாமலும் ஊற்றக் கற்றுக்கொண்டு, அதில் ரொம்பப் பெருமைப்பட்டேன். பெரியவரும் சிரித்துக்கொண்டே, "சின்னய்யா ஊத்துனா அமிர்தமால்லா இருக்கு" என்பார். அவர் கைகள் இப்போதும் கண்ணில் இருக்கின்றன. நகக்கண்ணில் சேறு, உள்ளங்கை ரேகைகளில் வெள்ளையாக வெடிப்பு. அந்த வெடிப்புகளில் தண்ணீர் ஓடி முழங்கை வழியாகச் சொட்டும். இவ்வளவு அருகில் பார்த்த அந்தக் கையை ஒரு தடவைகூட நான் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று நினைத்ததும் இல்லை. தொட வேண்டும் என்ற நினைப்பே வராதபடி வளர்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நாங்களும் தூக்கித்தான் குடிப்போம். தம்ளர் உதட்டில் பட்டால் எச்சில். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் பழகுகிற வயதில் பாதித் தண்ணீர் சட்டைக்குள் போகும், முதுகில் ஒன்று விழும். பழகிவிட்டால் அதுவும் சைக்கிள் மாதிரிதான், மறக்காது. இன்றைக்கும் ஓடுகிற பஸ்ஸில் ஒரு சொட்டுச் சிந்தாமல் என்னால் அண்ணாந்து குடிக்க முடியும்.

*

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கதர். திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது சேரன்மாதேவி ஸ்டேஷன் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குருகுலக் கதையை ஆரம்பித்துவிடுவார். வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலம். பாரிஸ்டர் படிக்க லண்டனுக்குப் போனவர், அங்கே புரட்சிக்காரர்களோடு சேர்ந்தவர், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிச் சீக்கியர் வேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்தவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அப்படிப்பட்டவர் நடத்திய இடத்தில், பெற்றோர் கேட்டார்கள் என்று இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பந்தி. விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் பிடித்துக்கொண்டார்கள். காங்கிரஸே இரண்டுபட்டது. 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், தண்ணீரில் அகப்பட்ட மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்துபோனார். கதை அங்கே வரும்போது அப்பா குரல் தழையும். ஆனாலும் முடிக்கும்போது எதிர் சீட்டுக்காரரைப் பார்த்து, "கடலைத் தாண்டின மனுசனால ஒரு பந்தியத் தாண்ட முடியலையே வே" என்பார். எதிர் சீட்டுக்காரர் யாராக இருந்தாலும் சரி.

ஒரு நாள் நான் படிமேல் நின்று ஊற்றிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துவிட்டார். ஆச்சியிடம் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்?" இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அலுமினியப் போணி வாங்கிவந்தார். இனிமேல் அவருக்குப் போணியில்தான் தண்ணீர் என்று தீர்ப்பாயிற்று.

பெரியவர் முதல் நாள் போணியை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து ஊற்றினார். பழக்கமில்லை. மூக்கில் ஏறிப் புரை போயிற்று. "வாய் வச்சுக் குடிங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா. 'குடிங்க' என்று சொன்னதை நான் கவனித்தேன், அது அன்று பெரிய அதிசயம். "வேண்டாம்யா, உங்க பாத்திரம்லா" என்று சொல்லிவிட்டு, அவர் போணியைத் தானே சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புறவாசல் சுவர்மேல் கவிழ்த்துவைத்தார். போணி அன்றிலிருந்து அந்தச் சுவர்மேல்தான். மழையும் வெயிலும் பட்டு வெளிறிப்போயிற்று. உள்ளே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. ஒரு பெரிய காரியம் செய்து முடித்த நிறைவு அவருக்கு இருந்தது. செய்ததும் பெரிய காரியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சேரன்மாதேவிக் கதை மட்டும் ரயிலில் அப்படியே தொடர்ந்தது.

அக்கா கல்யாணத்துக்கு எவர்சில்வர் வந்தது. பித்தளையை நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஈயம் பூசுகிறவரின் துருத்திச் சத்தமும், மூக்கைத் துளைக்கும் நவச்சாரப் புகையும் தெருவில் குறைந்துவந்த காலமும் அதுதான். திருநெல்வேலியில் பாத்திரக் கடைக்கு நானும் ஆச்சியோடு போயிருந்தேன். வாங்கின பாத்திரத்தில் பேர் வெட்ட ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பார். சின்ன உளி, சின்னச் சுத்தியல், டிக் டிக் டிக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து விழும். தாம்பாளம், குத்துவிளக்கு, குடம் எல்லாவற்றிலும் அக்கா பேரும் தேதியும் வெட்டியாயிற்று. கடைசியில் ஆச்சி, கனம் குறைந்த ஆறு தம்ளரைத் தனியாக எடுத்து நகர்த்தினாள். "இதுல பேரு வேண்டாம். அடியில மட்டும் மூணு கோடு போட்ருங்க."

அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "மூணா ரெண்டா ஆச்சி? ஒங்க தெருவுலயே ஒரு வீட்டுக்கு ரெண்டு கோடு போட்ருக்கேன். மாறிரக் கூடாதுல்லா" என்றார்.

"மூணு" என்றாள் ஆச்சி.

அப்பாவுக்கும் அதில் மகிழ்ச்சிதான். அலுமினியத்திலிருந்து எவர்சில்வருக்கு வந்தாயிற்று. வேலைக்கு வருகிறவர்களும் நாங்கள் குடிக்கிற அதே மாதிரித் தம்ளரில் குடிக்கிறார்கள். தூக்கிப் பார்த்தால்தானே கோடு?

*

நான் வங்கியில் சேர்ந்தேன், சங்கத்தில் சேர்ந்தேன், புத்தகங்கள் படித்தேன். மேடையில் கொஞ்சம் பேச வரும் என்று தெரிந்ததும் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு, 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் அதற்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது, அப்புறம் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எல்லாம் மனப்பாடம். டீக்கடை இரட்டைக் குவளை பற்றிப் பேசினால் கூட்டம் அசையாது. சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவர்கள் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேசிவிட்டு இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குக் கண் கலங்கும். நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கும்.

எண்பதுகளின் நடுவில் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிளையில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே ஒரு நண்பர், தலித். சங்க வேலையில் ஒன்றாக அலைவோம், மாலையில் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் மதியச் சாப்பாடு. எனக்காகத் தனியாகக் காய்கறிச் சமையல் செய்திருந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் சாப்பிட்டதை அதன்பிறகு பல வருடம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று இப்போது கேட்டுக்கொண்டால் கூச்சமாக இருக்கிறது.

இருபத்தைந்து வருடம் கழித்து அவர் பணி ஓய்வு விழாவுக்குப் போனேன். எல்லோரும் போன பிறகு மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அன்னிக்கு நீங்க வந்துட்டுப் போனப்புறம் என் வீட்டுக்காரம்மா கேட்டா, 'உங்க ஃப்ரெண்டு எல்லா வீட்டுலயும் தம்ளரத் தூக்கித்தான் குடிப்பாரா?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்."

எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சாப்பாடு ஞாபகம் இருக்கிறது, அவரைக்காய் கூட்டு ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் குடித்தது இல்லை. "அது எங்க வீட்டுப் பழக்கம்ங்க. சின்ன வயசுலேருந்து" என்றேன்.

"தெரியும், தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "டீக்கடையில தினம் என் பக்கத்துலதான உக்காந்து குடிச்சீங்க" என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார். பிள்ளைக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி ஏதோ சொன்னார்.

டீக்கடை கிளாஸில் உதடு வைத்துத்தான் குடித்தேன். சூடான டீயை யாரால் அண்ணாந்து குடிக்க முடியும் என்று ரயிலில் வரும்போது எனக்கு நானே வாதாடினேன். டீ சூடு, தண்ணீர் சூடில்லை. நியாயம்தான். அண்ணாந்து குடிப்பது சுத்தம், எத்தனை பேர் வாய் வைத்த தம்ளரோ. அதுவும் நியாயம்தான். ஆச்சி தன் சொந்தத் தம்ளரிலேயே அப்படித்தானே குடித்தாள். பழக்கம் ஒன்றுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல காரணமும் உட்கார்ந்திருந்தால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். விழுப்புரம் தாண்டும் வரை எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். அதற்கப்புறம்தான், வாதாட வேண்டாம், சும்மா பார்க்கலாம் என்று தோன்றியது.

பார்க்க ஆரம்பித்தேன். யாராவது வீட்டில் தண்ணீர் தந்தால் கை என்ன செய்கிறது என்று. சித்தப்பா மகன் வீட்டில் சொம்பிலேயே வாய் வைத்துக் குடித்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டில், கண்ணாடித் தம்ளர், வாய் வைத்து. ஹோட்டலில் தூக்கி. பழைய மேனேஜர் வீட்டில் வாய் வைத்து. குழாய் ரிப்பேர் செய்பவர் மகள் கல்யாணப் பத்திரிகை தந்திருந்தார், விசாரிக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் தந்தார்கள். தம்ளர் உதட்டுக்கு நாலு விரல் உயரத்தில் நின்றது. பாதி ஊற்றின பிறகுதான் தெரிந்தது, கை ஏற்கெனவே தூக்கிவிட்டது என்று. ஹோட்டலைத் தள்ளிவிடுங்கள். மற்ற இடங்களில், அது யார் வீடு என்று நான் யோசிப்பதற்கு முன்பே கைக்கு ஆள் தெரிந்திருந்தது. என்னைக் கேட்காமலேயே முழ உயரத்தை அது அளந்துகொண்டிருந்தது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. பார்க்கத் தொடங்கியதும் கை தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சாதாரணமாக எப்படிக் குடிப்பேன் என்பதே மறந்துபோய் நின்றேன். தூக்கப் போய், வேண்டாம் என்று இறக்கி, மேல் சட்டையெல்லாம் தண்ணீர். பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை நீட்டினார். ஏழு வயதில் பழகின வித்தையை ஐம்பத்துச் சொச்சத்தில் விடுவதென்றால் அப்படித்தான் இருந்தது. ஒரு வருடம் போல ஆயிற்று. அப்புறம் எல்லா வீட்டிலும் உதடு பட்டது. சரி, இந்தக் கணக்கை முடித்தாயிற்று என்று நினைத்தேன்.

*

ஜன்னல் தம்ளரைக் கழுவி மனைவிமுன் வைத்தேன். "இதை அங்க யார் வச்சது?"

"வீட்டு வேலைக்கு வாராங்கள்லா, அவங்க தம்ளர் அது. அவங்க காப்பி குடிக்கிறது."

"அதான், யார் வச்சது?"

"அத்தை போனப்புறம் ஊர்லேருந்து சாக்குல கட்டிப் பாத்திரம் கொண்டுவந்தது நீங்கதான்."

"நான் ஜன்னல்ல வைக்கலையே."

"நானும் வைக்கலை." கொஞ்சம் யோசித்தாள். "முதல் நாளு கையில கிடைச்ச தம்ளர்ல காப்பி குடுத்திருப்பேன். அவங்களே கழுவி அங்க வச்சிருப்பாங்க. மறுநாளும் அதையே எடுத்துக் குடுத்திருப்பேன்." அடுத்ததை எப்போது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன், சொல்லிவிட்டாள். "பதினோரு வருசமா வாராங்க. நீங்க ஒரு நாளாவது அவங்களுக்குக் காப்பி குடுத்திருக்கீங்களா?"

பதினெட்டுத் தம்ளரில் எப்படி அந்த ஒன்று சரியாகக் கையில் கிடைத்தது? மேலாக இருந்திருக்கலாம். கனம் குறைவு, கொஞ்சம் மங்கல், நல்ல தம்ளர்களோடு சேராமல் தனியாகக் கிடந்திருக்கலாம். கோட்டைப் பற்றி என் மனைவிக்குத் தெரியாது. நான் அவளிடம் சொன்னதே இல்லை. யாரும் முடிவெடுக்காமலே அந்தத் தம்ளர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவின் போணி சுவர்மேல் இருந்தது. என்னுடையது மூன்றாவது மாடி, ஜன்னல் விளிம்பு.

அன்று சாயங்காலம் கைபேசியில் அவர் எண்ணைத் தேடினேன். அந்த மாதச் சம்பளத்தை முழுதாக அவர் மகனுக்கு கூகுள் பேயில் அனுப்பியிருந்தேன், அதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. பெயரை அடித்தால் வரவில்லை. 'வீட்டு வேலை' என்று அடித்தால் வந்தது. திருத்தினேன். திருத்தும்போதுதான் இனிஷியல் தெரியாது என்பது தெரிந்தது.

ஊரெல்லாம் அப்போது சமூக இடைவெளி, சமூக இடைவெளி என்று போஸ்டர். அந்தச் சொல் சரியில்லை, தனிமனித இடைவெளி என்று சொல்லுங்கள் என்று சிலர் சண்டை போட்டார்கள். முன்பென்றால் நானும் சேர்ந்துகொண்டு இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தார். மாஸ்க், கையில் சானிடைசர் புட்டி. பதினோரு மணிக்கு நான் காப்பி போட்டேன். நாங்கள் குடிக்கிற பீங்கான் கப்பில் ஊற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கப்பையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னா சார், என் தம்ளர் எங்க?"

"உள்ள இருக்கு. இதுல குடிங்க."

"ஏன் சார், கொரோனாவா?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பதினோரு வருடம் கழித்து ஒருத்தர் திடீரென்று கப்பை நீட்டினால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்றுதானே தோன்றும். "எல்லாரும் இதுலதான குடிக்கிறோம்" என்றேன். சொன்னதும் எனக்கே அது அப்பா குரல் மாதிரிக் கேட்டது. அவர் கப்பை வாங்கிக் கீழே உட்காரப் போனார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அய்ய, வேணாம் சார், முட்டி மடக்கி உக்காந்தாத்தான் எனக்கு நல்லா இருக்கும்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டார். கப் சூடு தாங்கவில்லையாம்.

தம்ளரை நான் மற்ற தம்ளர்களோடு அடுக்கில் வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் அது ஜன்னலில். எடுத்து அடுக்கில் வைத்தேன். அடுத்த நாளும் ஜன்னலில். நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இரண்டு மூன்று வாரம் இந்த ஆட்டம் நடந்தது. என் மனைவி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை நான் என் காப்பியை அந்தத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்துவிட்டேன். பெருக்கிக்கொண்டே வந்தவர் பார்த்துவிட்டார். துடைப்பத்தை ஊன்றி நின்றார்.

"அது என்னோட தம்ளர் சார்."

"தெரியும்."

"வூட்ல அத்தினி தம்ளர் கீது, இதான் கெடச்சுதா?"

கோபமா விளையாட்டா என்று மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குடித்து முடித்தேன். கழுவ எழுந்தேன், அவர் கையை நீட்டித் தம்ளரை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் கவிழ்த்துப் பெருவிரலால் அடியைத் தடவினார்.

"நானும் ரொம்ப நாளாக் கேக்கணும்னு நெனச்சேன். இன்னா சார் இது, மூணு கோடு? வேற எதுலயும் இல்லியே."

"பாத்திரக் கடைக்காரர் வெட்டினது" என்றேன்.

அது பொய்யில்லை.